கல்லிலும் பொதியிலும் இருக்கும் வரலாறு: பிளாக்ஃபுட் மக்களும் தென் ஆல்பர்ட்டாவின் புல்வெளியும்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தின் தென்பகுதியில் உள்ள சிறு நகரங்கள் தங்கள் வரலாற்றைச் சொல்லும்போது பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து தொடங்குகின்றன. 1874இல் வடமேற்குக் குதிரைக் காவல் படை வந்து ஓல்ட்மேன் ஆற்றில் ஃபோர்ட் மெக்லியோட் கோட்டையைக் கட்டியது. 1883இல் கனடிய பசிபிக் ரயில் பாதை கால்கரியை எட்டியது. 1887இல் யூட்டாவிலிருந்து வந்த மார்மன் குடும்பங்கள் கார்ட்ஸ்டனில் குடியேறின. லெத்பிரிட்ஜில் நிலக்கரிச் சுரங்கங்கள் வளர்ந்தன. 1909இல் அங்கே ஆற்றின் மேல் மிக உயரமான ரயில் பாலம் எழுந்தது. இந்த வரிசையில் அந்நிலத்தின் முதற்குடிகளான பிளாக்ஃபுட் மக்கள் முன்னுரையில் ஒரு பத்தியாக வந்து, 1877இல் அரசோடு செய்த உடன்படிக்கையோடு விடைபெற்றுவிடுகிறார்கள். நூற்றைம்பது ஆண்டுக் கதைக்கு முந்தைய பல்லாயிரம் ஆண்டுகளை ஒரு பத்தியில் அடைத்துவிடும் இந்த வழக்கத்துக்கு, எழுத்து ஆவணங்கள் இல்லை என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். ஆவணங்கள் இருக்கின்றன. அவை இடங்களிலும், பொருள்களிலும், அவற்றை ஒருவரிடமிருந்து மற்றவர் முறைப்படி ஏற்றுக்கொள்ளும் சடங்குகளிலும் தங்கியிருக்கின்றன. அந்த ஒப்படைப்பு முறை எப்படி இயங்குகிறது என்று பார்த்தால், 1877இல் நடந்தது ஏன் இன்றும் தகராறாக நீடிக்கிறது என்பதும், அருங்காட்சியகங்களின் கண்ணாடிப் பெட்டிகளிலிருந்து சில பொருள்கள் ஏன் திரும்பக் கேட்கப்படுகின்றன என்பதும் சேர்ந்தே விளங்கும்.

பிளாக்ஃபுட் கூட்டமைப்பில் இன்று நான்கு சமூகங்கள் உள்ளன. கால்கரிக்குக் கிழக்கே போ ஆற்றின் கரையில் சிக்சிகா மக்களும், லெத்பிரிட்ஜுக்குத் தெற்கிலும் மேற்கிலும் விரியும் பரந்த நிலத்தில் கைனாய் மக்களும், அவர்களுக்கு மேற்கே போர்க்குபைன் குன்றுகளை ஒட்டிப் பிகானி மக்களும், எல்லைக்கு அப்பால் அமெரிக்காவின் மொன்டானாவில் ஆம்ஸ்காபி பிகானி எனப்படும் தென் பிகானி மக்களும் வாழ்கிறார்கள். கைனாய் மக்களின் ஒதுக்கு நிலம் (முதற்குடிகளுக்கென அரசு ஒதுக்கிய நிலம்) சுமார் 1,400 சதுரக் கிலோமீட்டர் பரப்புடையது. கனடாவில் இவ்வகை நிலங்களில் பரப்பால் மிகப் பெரியது அதுவே. நால்வரும் அல்கோன்கியன் குடும்பத்தைச் சேர்ந்த ஒரே மொழியைப் பேசி வந்தவர்கள். தங்களை நீட்சிட்டாபி என்று அழைத்துக்கொள்பவர்கள். வடக்கே வட சஸ்காச்சுவான் ஆறு, தெற்கே எல்லோஸ்டோன் ஆறு, மேற்கே ராக்கி மலைத்தொடர், கிழக்கே சஸ்காச்சுவானின் பெரு மணற்குன்றுகள் என்று தங்கள் நிலத்தின் எல்லையை அவர்கள் சொல்கிறார்கள். இன்றைய கனடா–அமெரிக்க எல்லைக்கோடு இந்த நிலத்தின் நடுவே ஓடுகிறது என்பதை வரைபடத்தில் ஒருமுறை பார்த்துவிட்டால், ஒரே மக்களின் வரலாறு இரண்டு நாட்டு வரலாறுகளின் ஓரங்களில் சிதறிக் கிடப்பதன் காரணமும் புரிந்துவிடும்.

பாறை சொல்லும் சட்டம்

இந்த நிலத்துக்கு வடிவம் கொடுத்தவன் நாப்பி என்பது மரபு. கிழவன் என்று பொருள்படும் பெயர் அது. ஓல்ட்மேன் ஆறு அவன் பெயரையே தாங்குகிறது. நாப்பி படைப்பவன், அதே சமயம் பேராசைக்காரன், ஏமாற்றுபவன், ஏமாறுபவனும்கூட. அவனைப் பற்றிய கதைகள் சிரிக்க வைப்பவை. ஆனால் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு குறிப்பிட்ட இடத்தில் கட்டப்பட்டிருக்கிறது. கால்கரிக்குத் தெற்கே ஓகோடோக்ஸ் நகருக்கு அருகில், சமதரையில் சம்பந்தமே இல்லாமல் நிற்கும் பெரும் பாறை அவற்றில் ஒன்று. சுமார் 16,500 டன் எடையுள்ள அந்தக் குவார்ட்சைட் பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. நாப்பி ஒரு வெப்பமான நாளில் அதன் மேல் அமர்ந்து இளைப்பாறி, நன்றியாகத் தன் தோல் மேலாடையைப் பாறைக்குப் பரிசாகக் கொடுத்தான். பின்னர் மழையும் குளிரும் வந்தபோது கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டான். பாறை சினந்து உருண்டு அவனைத் துரத்தியது. தடுக்க வந்த விலங்குகளை எல்லாம் நசுக்கியது. கடைசியில் வௌவால்கள் பாய்ந்து பாய்ந்து மோதிப் பாறையைப் பிளந்தன, அதனால்தான் அவற்றின் முகம் சப்பையாக இருக்கிறது.

புவியியலாளர்கள் சொல்லும் கதையும் வியப்புக்குரியதே. ஜாஸ்பர் பகுதியின் மலையிலிருந்து சரிந்து பனியாற்றின் மேல் விழுந்த பாறைகள், பனியுகத்தில் பல நூறு கிலோமீட்டர் தெற்கே சுமந்து வரப்பட்டு, மலையடிவாரம் நெடுகிலும் ஒரு வரிசையாக விடப்பட்டன. இது அவற்றுள் மிகப் பெரியது. பாறை வேறிடத்திலிருந்து நகர்ந்து வந்தது என்பதில் இரு கதைகளும் ஒத்துப்போகின்றன. ஆனால் இந்தக் கட்டுரைக்குத் தேவையானது அந்த ஒற்றுமை அன்று. முறைப்படி கொடுத்ததைத் திரும்ப எடுப்பவனை நிலமே துரத்தும் என்ற சட்டம் அந்த இடத்தில் பதிந்திருக்கிறது என்பதுதான் கவனத்துக்குரியது. குழந்தைகள் சட்டத்தைப் படிப்பதற்கு முன்பே பாறையைப் பார்க்கிறார்கள்.

பாய்ச்சல் பாறையின் பொறியியல்

ஃபோர்ட் மெக்லியோடுக்கு அருகே, போர்க்குபைன் குன்றுகள் சமவெளியோடு சேரும் விளிம்பில் ஹெட்-ஸ்மாஷ்ட்-இன் என்ற செங்குத்துப் பாறை உள்ளது. 1981இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. பைசன் எனப்படும் காட்டெருமைகளைக் கூட்டமாகத் துரத்தி மேலிருந்து விழச் செய்து வேட்டையாடிய இடம் அது. அந்தப் பயன்பாடு ஏறத்தாழ 6,000 ஆண்டுகள் நீண்டது. பாறையடியில் எலும்பும் கல் அம்புமுனைகளும் மண்ணும் அடுக்கடுக்காகச் சேர்ந்து, சில இடங்களில் சுமார் 10 மீட்டர் ஆழம் வரை போகின்றன. 1938இல் நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜூனியஸ் பேர்ட் முதல் அகழாய்வைத் தொடங்கினார். வேட்டையை அடியிலிருந்து பார்க்க ஆசைப்பட்டு விளிம்பின் கீழ் ஒதுங்கி நின்ற இளைஞன் ஒருவன், விழுந்து குவிந்த விலங்குகளுக்கும் பாறைக்கும் இடையே சிக்கி மண்டை நசுங்கி இறந்ததால் இடத்துக்கு அந்தப் பெயர் வந்தது என்பது பிகானி மரபு.

பார்வையாளர்கள் பாறையைத்தான் பார்க்கிறார்கள். அறிவு அதற்குப் பின்னால், மேற்கே இருக்கிறது. சுமார் 40 சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு இயற்கைப் படுகையில் புல்லும் நீரும் இருந்ததால் காட்டெருமைகள் இலையுதிர் காலத்தில் அங்கே தங்கின. அந்தப் படுகையிலிருந்து பாறை விளிம்பு வரை கிலோமீட்டர் கணக்கில் சிறு சிறு கற்குவியல்களை வரிசையாக அமைத்து, விளிம்பை நெருங்க நெருங்க ஒடுங்கும் பாதைகளை உருவாக்கியிருந்தார்கள். காட்டெருமைக்குக் கண் கூர்மை குறைவு, மூக்குக் கூர்மை மிகுதி. எனவே மேற்குக் காற்று நிலைத்து வீசும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும். மந்தையின் போக்கைப் பல நாள் கவனித்து அறிந்த இளைஞர்கள் கன்றின் தோலைப் போர்த்திக்கொண்டு, தாயைப் பிரிந்த கன்றுபோலக் குரல் எழுப்பி, முன்னே நகர்ந்து மந்தையை மெல்ல மெல்ல இழுத்து வருவார்கள். வேறு சிலர் ஓநாய்த் தோலில் பின்னால் நடமாடுவார்கள். மந்தை பாதைக்குள் வந்த பிறகுதான் கற்குவியல்களின் பின்னே இருந்தவர்கள் எழுந்து கூச்சலிட்டு ஓட்டத்தைத் தொடங்கிவைப்பார்கள். பாறை அங்கே மலைபோல் உயரமானதன்று. மிக உயர்ந்த இடத்தில்கூடச் சுமார் 10 மீட்டர்தான். பின்னால் வருபவற்றின் வேகமே முன்னால் நிற்பவற்றைத் தள்ளிவிட்டது.

அதன் பிறகு தொடங்கியது உண்மையான உழைப்பு, அதில் பெரும்பகுதி பெண்களுடையது. இறைச்சியை மெல்லிய பட்டைகளாக அறுத்து உலர்த்த வேண்டும். எலும்பை உடைத்துக் கொழுப்பை எடுக்க வேண்டும். தரையில் குழி தோண்டி, தோலை விரித்து, நீர் ஊற்றி, நெருப்பில் காய்ந்த கற்களை அதில் இட்டுக் கொதிக்க வைத்தார்கள். அங்குள்ள மணற்கல் சூட்டில் உதிர்ந்துவிடும் என்பதால், சூடு தாங்கும் கற்களை வேறிடங்களிலிருந்து சுமந்து வந்து சேர்த்தார்கள். உலர்ந்த இறைச்சியை இடித்துக் கொழுப்பும் சஸ்காட்டூன் பழங்களும் கலந்து செய்த பெமிக்கன், குளிர்காலம் முழுவதும் கெடாமல் இருந்தது. பிற்காலத்தில் ஐரோப்பிய ரோமத் தோல் வணிகர்களின் படகுப் பயணங்களே இந்த உணவை நம்பித்தான் நடந்தன. இவ்வளவு பேரின் வேலையை ஒரே நாளில் ஒருங்கிணைக்கத் தலைமையும் ஒழுங்கும் வேண்டும். ஒருவன் பொறுமையிழந்து முன்னதாக எழுந்தால் பல வார முயற்சி வீணாகும். புல்வெளி மக்கள் மனம்போன போக்கில் அலைந்து திரிந்தவர்கள் என்று இன்னமும் எழுதுபவர்கள், அந்தக் கற்குவியல் வரிசையை ஒருமுறை நடந்து பார்க்கலாம்.

வேட்டையோடு பிரியாமல் இணைந்தது இனிஸ்கிம் என்னும் காட்டெருமைக் கல். பஞ்ச காலம் ஒன்றில் விறகு பொறுக்கப் போன ஏழைப் பெண்ணொருத்தி பாட்டுக் குரல் கேட்டுத் தேடியபோது ஒரு சிறு கல்லைக் கண்டாள். அது தன்னை எடுத்துச் செல்லச் சொல்லி, காட்டெருமைகளை அழைக்கும் பாடல்களை அவளுக்குக் கற்பித்தது. இந்தக் கற்களில் பல, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதியை மூடியிருந்த கடலில் வாழ்ந்த அம்மோனைட்டுகளின் புதைபடிவத் துண்டுகள். போ ஆற்றின் தெற்கே மேட்டுநிலத்தில் உள்ள மேஜர்வில் கற்சக்கரத்தில், நடுக் கற்குவியலும் அதிலிருந்து ஆரங்கள்போல் பிரியும் கல்வரிசைகளும் உள்ளன. 1971இல் அங்கே நடந்த அகழாய்வு, நடுக் குவியல் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கப்பட்டதைக் காட்டியது. அதனுள் இனிஸ்கிம் கற்களும் கிடைத்தன. ஒரு சடங்குப் பொருளின் கதை வாய்மொழியில் வாழ்வதும், அதே பொருள் பழைய மண்ணடுக்கில் கிடைப்பதும் இப்படி ஒரே இடத்தில் சந்திப்பது அரிது.

குதிரை, வரைபடம்

18ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை சுமை இழுத்தவை நாய்களே. குதிரை தெற்கிலிருந்து வந்தது. பிகானி மக்களிடையே வாழ்ந்த சௌகமாப்பி என்ற முதியவர், 1787–88 குளிர்காலத்தில் தன் கூடாரத்தில் தங்கிய இளம் வணிக ஊழியர் டேவிட் தாம்ப்சனிடம், குதிரையை முதன்முதலாகப் பார்த்ததையும் 1781இல் பெரியம்மை தங்கள் முகாம்களில் புகுந்ததையும் விரிவாகச் சொல்லியிருக்கிறார். குதிரை வேட்டையை மாற்றியது, கூடாரத்தைப் பெரிதாக்கியது, செல்வத்துக்கு அளவுகோல் ஆனது, போரையும் பெருக்கியது.

அக்காலத்து அறிவுக்குச் சான்றாக ஒரு வரைபடத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1801 பிப்ரவரியில் சிக்சிகா தலைவர் ஆக்கோமோக்கி, ரோமத் தோல் வணிகம் செய்த ஹட்சன் விரிகுடா நிறுவனத்தின் பீட்டர் ஃபிட்லருக்காகப் பெரும் நிலப்பரப்பு ஒன்றை வரைந்து காட்டினார். மேற்குத் திசை மேலே இருக்க, ராக்கி மலைத்தொடர் குறுக்கே ஓட, மிசௌரி ஆற்றின் மேற்கிளைகளும் முக்கியச் சிகரங்களும் அவற்றுக்கிடையே எத்தனை நாள் பயணம் என்பதும் அதில் இருந்தன. ஃபிட்லர் அதை லண்டனுக்கு அனுப்பினார். 1802இல் வெளியான ஏரோஸ்மித்தின் வட அமெரிக்க வரைபடத்தில் அந்தச் செய்திகள் சேர்ந்தன. அமெரிக்க அரசு மேற்கே அனுப்பிய லூயிஸ், கிளார்க் இருவரும் தங்கள் பயணத்துக்குப் பயன்படுத்தியவற்றில் அந்த வரைபடமும் ஒன்று. அந்தப் பயணத்தில் லூயிஸ் குழுவினர் 1806 ஜூலையில் டூ மெடிசின் ஆற்றோரம் பிகானி இளைஞர் இருவரைக் கொன்றார்கள். வரைபடம் தந்த மக்களின் நிலத்தை அவர்கள் "கண்டுபிடித்த" கதை இப்படித்தான் தொடங்குகிறது.

ஒப்படைப்பு

பிளாக்ஃபுட் மரபில் ஒரு பாடலையோ, பெயரையோ, கூடார ஓவியத்தையோ, சடங்குப் பொருள்களைச் சுற்றிக் கட்டி வைத்த புனிதப் பொதியையோ ஒருவர் விரும்பியதும் எடுத்துப் பயன்படுத்த முடியாது. அதற்குரிய உரிமையை, ஏற்கெனவே வைத்திருப்பவரிடமிருந்து சடங்கு மூலம் பெற வேண்டும். டீப்பி எனப்படும் கூம்புக் கூடாரங்களில் ஓவியம் தீட்டியவை சிலவே. அடியில் நிலத்தையும், அதில் வட்ட வட்டமாக விழுந்த நட்சத்திரங்களையும் வரைவார்கள். நடுவில் ஓவியத்தைக் கனவில் தந்த விலங்கு இருக்கும். மேலே புகை மடிப்புகளில் ஒருபுறம் சப்தரிஷி மண்டலமும் மறுபுறம் கார்த்திகைக் கூட்டமும் இருக்கும். கார்த்திகை நட்சத்திரங்கள், பெற்றோரிடமிருந்து மஞ்சள் கன்றுத் தோலாடை கிடைக்காத ஏக்கத்தில் வானுக்குப் போய்விட்ட சிறுவர்கள் என்பது அவர்கள் கதை. ஒரு ஓவியத்துக்கு உரிமை பெற்றவர் கூடாரத்தின் பழைய உறை நைந்துபோனால் அதே ஓவியத்தைப் புதிய உறையில் தீட்டுவார். பழையதை ஏரியில் கற்களை ஏற்றி மூழ்கடித்துச் சூரியனுக்குக் காணிக்கையாக்குவார்.

பொதிகள் இன்னும் கனமான பொறுப்பு. நீரில் வாழும் கொறிவிலங்கான பீவரின் பெயரால் வழங்கும் பீவர் பொதி மிகப் பழமையானது. அதில் பல பறவை, விலங்குகளின் தோல்களும் அவற்றுக்கான நூற்றுக்கணக்கான பாடல்களும் அடங்கும். அதை வைத்திருப்பவரே குச்சிகளைக் கொண்டு நாளும் மாதமும் கணக்கிட்டு வந்தார். புகையிலை விதைப்பும் அந்தச் சடங்கோடு சேர்ந்தது. புனிதப் புகைக்குழல் அடங்கிய இடிக்குழல் பொதியை வசந்தத்தில் முதல் இடி முழங்கிய பிறகு திறக்கிறார்கள். பொதியைப் பெறுபவர் குதிரைகளும் போர்வைகளும் பிறவும் கொடுக்கிறார் என்பதால் வெள்ளை வணிகர்கள் இதை விற்பனை என்று புரிந்துகொண்டார்கள். உண்மையில் பெற்றவருக்கு வருவது கடமைகளின் பட்டியல்: பாடல்களைப் பிழையின்றிக் கற்க வேண்டும், விலக்குகளைக் கடைப்பிடிக்க வேண்டும், கேட்டு வருபவருக்காகச் சடங்கு செய்ய வேண்டும், உரிய காலத்தில் அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தவர் புதியவருக்குப் பெற்றோர் நிலையில் இருந்து வழிகாட்டுகிறார். பொதியை உயிருள்ள ஒன்றாக, வீட்டுக் குழந்தையாக நடத்துகிறார்கள். ஒக்கான் என்ற கோடைகாலப் பெருஞ்சடங்கை நேர்ந்துகொண்டு நடத்தும் புனிதப் பெண், தலையில் அணியும் நாட்டோவாஸ் அணியையும் இவ்வாறே முன்னவளிடமிருந்து பெறுகிறாள். கைனாய் மக்களின் கொம்புச் சங்கமும் மோட்டோகிக் என்ற பெண்கள் சங்கமும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுக் குழுவாகவே அடுத்த தலைமுறைக்குக் கைமாறுகின்றன.

இந்த முறையில் அறிவு ஒருவரோடு முடிந்துவிடுவதில்லை. ஒரு பொதியை முன்பு வைத்திருந்து ஒப்படைத்தவர்கள் பலர் உயிரோடு இருப்பார்கள். பாடுபவர் தவறினால் திருத்துவார்கள். வாய்மொழி மரபு நம்பத்தகாதது என்று சொல்பவர்கள் இந்தத் திருத்தும் ஏற்பாட்டைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஆண்டுகளை நினைவில் வைக்கவும் முறை இருந்தது. ஒவ்வோர் ஆண்டுக்கும் அதன் முக்கிய நிகழ்வால் பெயரிட்டு வரிசையாகச் சொல்லும் குளிர்காலக் கணக்கு அது. கைனாய் மக்களில் பேட் ஹெட் என்ற தலைவரின் கணக்கு 1810 முதல் 1883 வரை நீள்கிறது. அதன் போக்கு கொடுமையானது. 1837இல் மிசௌரி ஆற்றில் வந்த வணிகக் கப்பல் வழியாகப் பரவிய பெரியம்மை, மக்களில் பாதிக்கும் மேற்பட்டோரைக் கொன்றதாக மதிப்பிடப்படுகிறது. 1869–70இல் அது மீண்டும் வந்தது. அதே 1870 ஜனவரி 23ஆம் நாள், மொன்டானாவின் மரையாஸ் ஆற்றில் ஹெவி ரன்னர் தலைவரின் முகாமை அமெரிக்கப் படை விடியற்காலையில் தாக்கியது. படையின் கணக்கிலேயே 173 பேர் இறந்தார்கள்; பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் நோயாளிகளும். அது தேடி வந்த முகாமே அன்று. இதற்கிடையில் 1869இல் இன்றைய லெத்பிரிட்ஜ் அருகே எழுந்த ஃபோர்ட் வூப்-அப் முதலிய இடங்களில் அமெரிக்க வணிகர்கள் காட்டெருமைத் தோலுக்குச் சாராயம் விற்றார்கள். கனடிய அரசு காவல் படையை அனுப்பியதற்கு இந்த வணிகம் ஒரு முக்கியக் காரணம். அந்தப் படைக்கு வழிகாட்டியவர், கைனாய்த் தாய்க்குப் பிறந்த ஜெர்ரி பாட்ஸ்.

1877

இந்தச் சூழலில்தான் ஏழாம் உடன்படிக்கை வந்தது. 1877 செப்டம்பர் 22ஆம் நாள், போ ஆற்றில் பிளாக்ஃபுட் கிராசிங் என்ற ஆற்றுக் கடவில், அரசின் சார்பில் துணை ஆளுநர் டேவிட் லேர்டும் காவல் படை ஆணையர் ஜேம்ஸ் மெக்லியோடும், மறுபுறம் சிக்சிகா தலைவர் க்ரோஃபுட், கைனாய் தலைவர் ரெட் க்ரோ, பிகானி தலைவர்கள், அண்டை முதற்குடிகளான சூடினா, ஸ்டோனி நக்கோடா தலைவர்கள் ஆகியோரும் கூடினார்கள். ஆங்கில உரையின்படி சுமார் 1,30,000 சதுரக் கிலோமீட்டர் நிலம் பிரிட்டிஷ் அரசியிடம் முற்றாக ஒப்புவிக்கப்பட்டது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு சதுர மைல் என்ற கணக்கில் ஒதுக்கு நிலமும், தலைக்கு ஆண்டுதோறும் 5 டாலரும், ஆசிரியர்களும், கால்நடைகளும், ஒப்புவித்த நிலத்தில் வேட்டையாடும் உரிமையும் பதிலுக்கு உறுதியளிக்கப்பட்டன.

மூத்தோர் சொல்லும் வரலாறு வேறு. காவல் படையினர் சாராய வணிகர்களை விரட்டியிருந்தார்கள். அந்த நம்பிக்கையில் இரு தரப்பும் சண்டையிடாமல் நிலத்தைப் பகிர்ந்து வாழ்வதற்கான சமாதான உடன்படிக்கையாகவே அது செய்யப்பட்டது. நிலத்தை விட்டுக்கொடுப்பது பற்றிப் பேச்சே எழவில்லை என்பது உடன்படிக்கையில் சேர்ந்த ஐந்து சமூகங்களின் முதியோரும் ஒருமித்துச் சொல்வது. ரெட் க்ரோ ஒரு கையால் புல்லைப் பிடுங்கி அதிகாரிகளிடம் நீட்டி இதை நீங்கள் பகிர்ந்துகொள்ளலாம் என்றும், மறு கையில் மண்ணை அள்ளி இது எங்களுடையது, கொடுக்க மாட்டோம் என்றும் சொன்னார் என்பது கைனாய் வாய்மொழி வரலாறு. மொழிபெயர்ப்பு அன்று மோசமாக இருந்தது என்பதை எழுத்து ஆவணங்களும் மறுக்கவில்லை. எனினும் மொழிபெயர்ப்பாளர்களின் குறைபாட்டில் மட்டும் பழியைப் போட்டுவிடுவது எளிய விளக்கம். மேலே சொன்ன ஒப்படைப்பு முறையில் வளர்ந்தவர்களுக்கு, புகைக்குழல் சடங்கும் பரிசும் சேர்ந்த ஓர் உடன்பாடு என்பது இரு தரப்பும் ஒருவரையொருவர் உறவாக ஏற்று, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய கடமை. ஆண்டுக்கு ஒருமுறை கொடுக்கப்பட்ட 5 டாலர் அந்தப் புரிதலோடு நன்றாகவே பொருந்தியது. அதிகாரிகளுக்கோ அது ஒரே நாளில் முடிந்த சொத்து மாற்றம். நல்ல மொழிபெயர்ப்பாளர் இருந்திருந்தாலும் இந்த இடைவெளி வெளிப்பட்டிருக்கும், அடைபட்டிருக்குமா என்பது ஐயமே.

இரண்டே ஆண்டுகளில் காட்டெருமை போய்விட்டது. 1879ஐக் காட்டெருமை இல்லாமற்போன ஆண்டு என்றே குளிர்காலக் கணக்கு பதிவு செய்கிறது. தோல் வணிகமும் ரயிலும் துப்பாக்கியும் சேர்ந்து செய்த வேலை அது. மொன்டானாவில் 1883–84 குளிர்காலத்தில் உணவுப் பங்கீடு தவறியதால் சுமார் 600 தென் பிகானி மக்கள் பட்டினியால் இறந்தார்கள். கனடாவில் ஒதுக்கு நிலத்தை விட்டு வெளியேற அதிகாரியின் அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. குழந்தைகள் உறைவிடப் பள்ளிகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். 1895இல், கனடிய முதற்குடிகளைக் கட்டுப்படுத்திய 'இந்தியர் சட்ட'த்தின் திருத்தம் சடங்குகளின் முக்கியக் கூறுகளைக் குற்றமாக்கியது, அது 1951 வரை நீங்கவில்லை. ஒதுக்கப்பட்ட நிலமும் முழுதாக மிஞ்சவில்லை. 1910இல் சிக்சிகா நிலத்தில் ஏறத்தாழ பாதி, சுமார் 1,15,000 ஏக்கர், சட்டத்துக்குப் புறம்பாக எடுக்கப்பட்டு விற்கப்பட்டது. அதற்கான 130 கோடி கனடிய டாலர் தீர்வு 2022இல்தான் கையெழுத்தானது.

பொதிகளின் பயணம்

பசியும் தடையும் பள்ளியும் சேர்ந்து ஒப்படைப்புச் சங்கிலியை அறுத்தன. பொதியை ஏற்க அடுத்தவர் இல்லாமல் முதியவர்கள் இறந்தார்கள். மதம் மாறிய வாரிசுகளோ பணமில்லாத வாரிசுகளோ அதைச் சேகரிப்பாளர்களுக்கு விற்றார்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் கைனாய், பிகானி, சிக்சிகா பொதிகளில் மிகப் பல கால்கரியின் கிளென்போ அருங்காட்சியகத்திலும் மாகாண அருங்காட்சியகத்திலும் கடல் கடந்த சேகரிப்புகளிலும் இருந்தன. அழிந்துபோகும் மரபைக் காப்பாற்றுகிறோம் என்று சேகரித்தவர்கள் உண்மையாகவே நம்பியிருக்கலாம். ஆனால் பாடப்படாத, கைமாறாத பொதி பிளாக்ஃபுட் கண்ணோட்டத்தில் காப்பாற்றப்பட்டதாகாது. உரிமையை ஒப்படைக்கும் சடங்கு நடக்காததால், பணம் கொடுத்தவருக்கு அதன் மேல் உரிமையும் வந்துவிடவில்லை.

1990இல் கிளென்போ ஒரு இடிக்குழல் பொதியைக் கைனாய் குடும்பமொன்றுக்குக் கடனாகக் கொடுத்தது. சடங்கு நடந்தது, மேலும் கோரிக்கைகள் வந்தன. 2000ஆம் ஆண்டில் ஆல்பர்ட்டா சட்டமன்றம் முதற்குடிகளின் புனிதச் சடங்குப் பொருள்களைத் திருப்பித் தருவதற்கான சட்டத்தை இயற்றியது. கிளென்போவிலிருந்து 251 பொருள்கள் பிளாக்ஃபுட் சமூகங்களுக்குத் திரும்பின. முன்பு பொதி வைத்திருந்த முதியவர்களில் சிலர் அப்போதும் உயிரோடு இருந்தது நற்பேறு: பாடல்களை அவர்களால் கற்பிக்க முடிந்தது, இளைஞர்கள் சங்கங்களில் சேர்ந்தார்கள். இன்னும் பத்து, இருபது ஆண்டுகள் தாமதித்திருந்தால் பொருள்கள் மட்டுமே திரும்பியிருக்கும்.

காட்டெருமையும் இதே வழியில் ஒரு சுற்று சுற்றி வந்திருக்கிறது. 1870களில் இந்தப் புல்வெளியில் பிடிக்கப்பட்டு மலைகளைத் தாண்டி மொன்டானாவின் பிளாட்ஹெட் பள்ளத்தாக்குக்குக் கொண்டுசெல்லப்பட்ட சில கன்றுகளின் வழிவந்த மந்தையை, 1907 முதல் கனடிய அரசு மிஷெல் பாப்லோவிடமிருந்து வாங்கியது. எட்மன்டனுக்குக் கிழக்கே எல்க் ஐலண்ட் தேசியப் பூங்காவில் உள்ள காட்டெருமைகள் அவற்றின் வழித்தோன்றல்கள். 2014இல் எல்லையின் இரு புறத்து முதற்குடிகளும் சேர்ந்து மொன்டானாவில் காட்டெருமை உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். 2016இல் எல்க் ஐலண்டிலிருந்து 87 இளம் விலங்குகள் தென் பிகானி நிலத்துக்கு வந்தன. 2023இல் சீஃப் மலையின் அருகே ஒரு மந்தை வேலியின்றித் திறந்துவிடப்பட்டது. 1877இல் போலன்றி, இந்த உடன்படிக்கை அவ்வப்போது கூடிப் புதுப்பிக்கப்படுகிறது, புதிய சமூகங்களும் சேர்கின்றன.

பொருள்களைப் பொறுத்தவரை வழி இன்னும் சீராகவில்லை. ஆல்பர்ட்டாவின் சட்டம் மாகாண அரசுக்குரிய சேகரிப்புகளை மட்டுமே கட்டுப்படுத்தும். அமெரிக்காவில் 1990 முதல் கூட்டாட்சிச் சட்டம் உண்டு. கனடாவில் அதற்கு இணையாக முன்வைக்கப்பட்ட சி-391 மசோதா 2019இல் கீழவையில் நிறைவேறி, மேலவையில் முடிவெடுக்கப்படாமலே நாடாளுமன்றக் கலைப்போடு காலாவதியானது. ஐரோப்பிய அருங்காட்சியகங்களைக் கட்டாயப்படுத்த எந்தச் சட்டமும் இல்லை. ஒவ்வொரு கோரிக்கையும் அந்தந்த நிறுவனத்தின் முடிவைப் பொறுத்தது. ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகம் 1841இல் சேகரிக்கப்பட்ட ஐந்து பிளாக்ஃபுட் சட்டைகளை 2010இல் கால்கரிக்கும் லெத்பிரிட்ஜுக்கும் கொண்டுவந்து, மக்கள் கையில் எடுத்துப் பார்க்க அனுமதித்தது. பிறகு அவை ஆக்ஸ்ஃபோர்டுக்கே திரும்பிச் சென்றன. இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகர அருங்காட்சியகத்தில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இருந்த க்ரோஃபுட்டின் உடைகளும் அணிகளும், பல ஆண்டுப் பேச்சுவார்த்தைக்குப் பின் 2022 மே மாதம் சிக்சிகா மக்களிடம் ஒப்படைக்கப்பட்டன. அவற்றை வைப்பதற்கான இடம் முன்பே தயாராக இருந்தது: உடன்படிக்கை நடந்த அதே ஆற்றுக் கடவில், சிக்சிகா மக்கள் 2007இல் திறந்த பிளாக்ஃபுட் கிராசிங் வரலாற்றுப் பூங்கா.